வெள்ளரிக்காய் நறுக்கிய பலகை

கோழிக்கறியைக் கழுவக் கூடாது, மேடம். இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால், தெறிக்கிற தண்ணீரோடு கறியிலிருக்கும் கிருமியும் தொட்டி, மேடை, பக்கத்தில் காய்கிற கரண்டி என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கறி உள்வரைக்கும் நன்றாக வெந்தாலே போதும், கிருமி செத்துவிடும்.

பெண்கள் விடுதி ஒன்றின் சமையற்கூடத்துக்கு நான் பொறுப்பாளர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதைத்தான். பச்சைக் கறி ஃபிரிட்ஜின் அடித்தட்டில்தான் இருக்க வேண்டும், மூடியோடு. கறிக்கு ஒரு பலகை, காய்க்கு வேறு பலகை. கறியைத் தொட்ட கை சோப்பைத் தொடாமல் உப்பு டப்பாவைத் தொடக் கூடாது. "அக்காவுக்கு முதுகுலயும் கண்ணு" என்று பெண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் சமையற்கூடத்தில் சாப்பிட்டு ஒருத்திக்குக்கூட வயிறு கெட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விடுதியை இதில் இழுக்க வேண்டாம்.

கறிக்கடைக்காரரையும் விட்டுவிடுங்கள். அவர் கடையைப் பூட்டி சீல் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் சுத்தமான மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் நானாகவே பேச வந்தேன். என் வீட்டு வாசலில் உங்கள் ஆட்கள் நின்றது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார். கைநீட்டியதில்லை. திரும்பி வரும்போது எனக்கும் அத்தைக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் வருவார். ஆனால் கால் வீட்டில் இருந்தாலும் கண் சாலையில்தான் இருக்கும். வந்த அன்று தூக்கம். மறுநாள் லாரியோடு பட்டறையில். அதற்கடுத்த நாள் கூட்டாளிகள். நான் பரிமாறுவேன், அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால், "ம்" என்பார். ஒருமுறை உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். அதற்கும் "ம்" தான்.

முதல் தடவை அவருக்கு வயிறு கெட்டது என்னால் இல்லை. போகிற வழியில் எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். வாந்தி, பேதி, காய்ச்சல். எழுந்து நடக்க முடியவில்லை. நான் விடுதிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சியைக் கரண்டியில் ஆற்றி ஊட்டினேன். போர்வையை மாற்றினேன். தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட என் புடவையைப் பிடித்துக்கொள்வார்.

"எங்க போற? இங்கயே இரு" என்றார். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதை, அவர் அப்பா செத்த கதை, முதன்முதலில் லாரியை மோதிவிட்டு ஒளிந்துகொண்ட கதை எல்லாம் அந்தப் படுக்கையில்தான் சொன்னார். அந்த ஒரு வாரம் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். பிறகு குணமானது. விசிலடித்துக்கொண்டே சவரம் செய்தார், லாரிச் சாவியை எடுத்தார், போய்விட்டார். நான் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வது சுலபம். நான் எதையும் கடையில் போய் வாங்கவில்லை. எதிலும் எதையும் கலக்கவில்லை. செய்யாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஒரு காரியத்தை என் வீட்டில் செய்தேன், அவ்வளவுதான். கோழி நறுக்கிய பலகையைக் கழுவாமல் அதன்மேலேயே வெள்ளரிக்காயை நறுக்கினேன். குழம்பு எல்லோருக்கும் பொது, நன்றாகக் கொதித்தது. வெள்ளரிக்காய் மட்டும் அவர் தட்டுக்கு. அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாத் தடவையும் அப்படி வராது. சில சமயம் ஒன்றுமே ஆகாமல் கிளம்பிப் போய்விடுவார். அப்போதெல்லாம் நான் விதியே என்று விட்டுவிடுவேன். பேராசைப்பட்டதில்லை. உள்ளூர்ப் பக்கம் போய்விட்டு வருவதற்கெல்லாம் நான் ஒன்றும் செய்ததில்லை. நெடும்பயணம் என்றால் மட்டும்தான். படுத்துவிட்டால் நானே டாக்டரிடம் அழைத்துப் போவேன், நானே மாத்திரை கொடுப்பேன். ஒரு மனிதனை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்ள வேறு யாராலும் முடியாது. டாக்டரே சொல்லியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

இனி அத்தையைப் பற்றி. அதற்குத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். என் அத்தை என்னை மெச்சினார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் வாய் ஓயாமல் சொல்வார்கள். "என் புள்ளை வயிறு கண்ணாடி மாதிரி. இவ இல்லன்னா எப்பவோ போயிருப்பான்." அவர்களுக்குச் சர்க்கரை, சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்தது. மருந்து, ஊசி எல்லாம் என் பொறுப்பு. ஒரு வேளை தவறியதில்லை. அவர்கள் உடம்பு எவ்வளவு தாங்கும், எவ்வளவு தாங்காது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு செய்தியோடு வந்தார். கம்பெனி அவரை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றுகிறது, சம்பளம் கூட, அங்கேயே அறையும் தருகிறார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இங்கயே இருங்க. அம்மா உடம்புக்கு அலைச்சல் ஆகாது. நான்தான் அப்பப்ப வந்துட்டுப் போவேன்ல."

மறுநாள் காலையில் கறிக்கடைக்குப் போனேன்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டின் ஓரத்தில் வெள்ளரிக்காயை அடுக்கி வைத்திருந்தேன். அவர் முதல் வாய் எடுத்ததுமே செல்போன் அடித்தது. எழுந்து பால்கனிக்குப் போனார். கம்பெனிக்காரர்கள். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரிப்பு அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அத்தை அவருடைய தட்டைப் பார்த்தார்கள். "இவன் ஃபோன எடுத்தா இனி இந்தப் பக்கம் வரமாட்டான். காஞ்சு போயிடும்" என்று சொல்லி, வெள்ளரிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? அது எங்கே நறுக்கியது என்று சொன்னால், அதற்கு முன்னால் நறுக்கியதையெல்லாம் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்று நினைத்தோம். பிறகு ஆஸ்பத்திரி. நான் அவர்கள் பக்கத்திலிருந்து நகரவில்லை. கடைசியாகப் பேசும்போதுகூட, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார்கள். சாப்பிட்டேன் அத்தை என்றேன். சிறுநீரகம் முழுக்க நின்றுவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னபோது நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

சுகாதார அதிகாரி வந்து யார் யார் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். வெள்ளரிக்காயை யார் சாப்பிட்டது என்று கேட்டபோது, என் வீட்டுக்காரர், "நான் தொடவே இல்ல சார், அம்மாதான் எடுத்துக்கிட்டாங்க" என்றார். சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதிகாரி போன பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் நெடும்பயணம் கிளம்புறப்ப மட்டும் எனக்கு ஏன் முடியாம போச்சு?"

"வெளிய சாப்பிடுறீங்க. ஒத்துக்கல."

"அந்த முதல் தடவையத் தவிர, வெளிய சாப்பிட்டு வந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. வீட்ல சாப்பிட்டப்புறம்தான்." குரல் உயரவில்லை. "உனக்கு ஒரு தடவகூட வந்ததில்லையே. ஒரே சட்டி, ஒரே குழம்பு. எனக்கு மட்டும் ஏன்?"

அவர் என் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. அவருடைய கையைப் பிடிக்கப் போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை.

ஒரே ஒரு திருத்தம், மேடம். அத்தை வெள்ளரிக்காயை எடுத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது சரியில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டதும் அத்தை என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமாம்மா?" என்றார்கள். பால்கனியிலிருந்து அவர் குரல் கேட்டது. "நாளன்னிக்குக் கிளம்பிடுறேன் சார், வீட்ல ஒரு தொந்தரவும் இல்ல."

நான், "வேணாம் அத்தை, நீங்களே சாப்பிடுங்க, உடம்புக்குக் குளிர்ச்சி" என்றேன். மீதியிருந்ததையும் நகர்த்தி அவர்கள் பக்கமாக வைத்தேன். அம்மா படுத்துக் கிடக்கும்போது எந்தப் பிள்ளையும் வண்டி ஏறமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தாங்காது என்று தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதையும் எழுதுங்கள்.

அவர் மாற்றலை வேண்டாமென்று சொல்லிவிட்டார், லாரியை விட்டுவிட்டார், வீட்டைவிட்டு எங்கேயும் போவதில்லை என்று சற்று முன்னால் நீங்கள் சொன்னீர்கள். அப்போது என் முகத்தில் ஏதோ தெரிந்ததாகப் பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுத்தீர்கள். அது துக்கம்தான், மேடம். துக்கம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.