மீட்டரில் தொண்ணூத்தி நாலு

— ...அதான் சொல்றேன், இது புது வண்டியே இல்ல. எவனோ ஓட்டின வண்டியைத் துடைச்சு நம்ம தலையில கட்டிட்டானுங்க.

— காலங்காத்தால பார்க்கிங்ல குந்திக்கிட்டு என்னங்க இது... மேல வாங்க, காப்பி ஆறுது.

— நீ வா இங்க. இந்த மீட்டரைப் படி. என்ன காட்டுது?

— தொண்ணூத்தி நாலு.

— ஷோரூம்காரர் ஓட்டிட்டு வந்து விட்டப்ப ஆறு. அது எப்படி தொண்ணூத்தி நாலு ஆச்சு?

— நீங்கதானே நாலு நாளா தினம் காலையில ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் போறீங்க... ஓடுற வண்டிக்கு மீட்டர் ஏறாதா?

— அது... ஏறும். ஆனா இவ்வளவு ஏறக்கூடாது.

— ஏன், நீங்க எவ்வளவு ஓட்டினீங்க?

— ஓட்டினேன்... ஒரு அளவா ஓட்டினேன்.

— ஊருக்கே அளவெடுக்கிற தையல்காரர். எவ்வளவுன்னு சொல்லத் தெரியலையா?

— இப்ப அதுவா முக்கியம்? பத்து மணிக்கு ஷோரூம்லேருந்து ஆள் வர்றாங்க. வண்டியை ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன்.

— என்னது... யாரைக் கேட்டு?

— யாரைக் கேக்கணும்? என் வண்டி.

— இல்ல... ஆசை ஆசையா வாங்கினதாச்சே. முதல் நாள் என்ன சொன்னீங்க? சும்மா மிதக்குது, கியர் வெண்ணெய் மாதிரி விழுதுன்னு...

— ஆமா. வெண்ணெய்தான்.

— ஒண்ணுலேருந்து ரெண்டுக்குப் போறப்ப மட்டும் டக்குன்னு ஒரு உதை உதைக்குமே, அது?

— அது... உனக்கு எப்படித் தெரியும்?

— கேட்டுச்சு. மாடி வரைக்கும்.

— நாலாவது மாடிக்கா? சரி... நீ உக்கார்ற சுகத்தைக் கேளு. காலை முன்னால நீட்டி வச்சுக்கிட்டா, சாய்வு நாற்காலி தோத்துப் போகும்.

— உக்கார்றது சரி. திருப்பத்துல?

— திருப்பத்துல... அப்படியே வளைஞ்சு குடுக்கும்.

— எது, இந்த இருநூத்தி நாப்பது கிலோவா? மெதுவாத் திருப்பினா எருமை படுக்கப் போற மாதிரி ஒரு பக்கமா சாயும். கொஞ்சம் வேகம் புடிச்சாத்தான் வழிக்கு வரும்... வரும்னு சொல்றாங்க.

— யாரு சொல்றாங்க?

— பொதுவா.

— என்னமோ போ, எனக்குத் தலை சுத்துது. இந்தக் கண்ணாடியைப் பாரு. முந்தாநாள் உக்காந்தப்ப பின்னாடி தூண் தெரிஞ்சுது. இப்ப வெறும் தரைதான் தெரியுது. யாரோ குட்டையா இருக்கிற ஆள் திருப்பி வச்சிருக்கான்.

— தூணா? ரோட்டுல ஏதுங்க தூண்?

— கிளம்பறப்ப... கிளம்பறப்ப தெரியும்ல. அதை விடு. நேத்து மத்தியானம் சாப்பிட வந்தப்ப தொட்டுப் பார்த்தேன், இஞ்சின் சுடுது.

— வெயில்.

— தரைக்குக் கீழ இருக்கிற பார்க்கிங்ல ஏது வெயில்?

— அப்ப பேய் கீய் ஓட்டுதோ என்னமோ.

— சிரிக்காத. இரு... கியர் லீவர்ல என்ன சிக்கியிருக்கு?

— தூசி. விடுங்க, கை அழுக்காயிடும்.

— தூசியா? நூல். பாசிப் பச்சை. ரெட்டைத் தையல் பிரிஞ்ச நூல்.

— ஏன், பச்சை நூல் நம்ம வீட்ல மட்டும்தான் இருக்கா?

— பேண்ட் கீழ் மடிப்புல ரெட்டைத் தையல் நான் ஒருத்திக்குத்தான் போட்டிருக்கேன். ஸ்கூல் வேன் ஓட்டுறப்ப கிளட்ச்ல உரசி உரசித் தேயுதுன்னு சொன்னாளே, அவளுக்கு... காலைக் காட்டு.

— காட்டுறதுக்கு என்ன இருக்கு, பிரிஞ்சுதான் தொங்குது. நான்தான் ஓட்டினேன்.

— நீயா?

— பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கி விட்டுட்டு வந்து. நீங்க கடைக்குப் போனதுக்கு அப்புறம். மூணு நாளா.

— எங்க போன?

— எங்கயும் இல்ல. பைபாஸ்ல நேராப் போனேன், திரும்பி வந்தேன். பன்னெண்டு வருஷமா முதுகுக்குப் பின்னால பதினாலு பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுக்கிட்டே ஓட்டுறேன்ங்க. பின்னால யாருமே இல்லாம ஒரு நாளும் ஓட்டினதில்ல... அறுபதுல போறப்ப அந்தத் தடதட நெஞ்சுக்குள்ள வந்து... எனக்கு அழுகையே வந்துடுச்சு. திருப்பி அனுப்பிடாதீங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— நீங்கதான் யாரையும் தொடவே விடலையே. துடைக்கிறதுக்குக்கூட கடையிலேருந்து புதுத் துணி வெட்டிக் கொண்டாந்தீங்க.

— சரி... மூணு நாள்ல எவ்வளவு ஓட்டின?

— எண்பத்தெட்டு.

— எண்பத்தெட்டா? சரியாப் பார்த்தியா?

— நல்லாப் பார்த்தேன். அதான் எனக்கும் குழப்பம். மறுநாள் சாவியைப் போட்டா, மீட்டர் நான் விட்ட இடத்துலயே நிக்கும். ஷோரூம்காரர் ஆறு, நான் எண்பத்தெட்டு, அதோட தொண்ணூத்தி நாலு முடிஞ்சுது. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நீங்க எங்கங்க போனீங்க?

— ஷோரூமுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிடு.

— சொல்றேன். கேட்டதுக்கு பதில்?

— முதல் நாள் ஸ்டாண்டை எடுத்தேன். அது சாய்ஞ்ச சாய்ப்புல எனக்கு உசுரே போயிடுச்சு. அதுலேருந்து... ஸ்டார்ட் பண்ணிட்டு, ஸ்டாண்டை எடுக்காம, கண்ணாடியில அந்தத் தூணைப் பார்த்துக்கிட்டே அரை மணி நேரம் இங்கயே உக்காந்திருந்துட்டு மேல வருவேன். மீட்டரைப் பார்த்ததும், திருப்பிக் குடுக்க ஒரு சாக்கு கிடைச்சுதுன்னு நிம்மதிதான்... சரி, சாவியைப் புடி. நீ ஓட்டு, நான் பின்னால உக்கார்றேன். கத்த மாட்டேன்.