சூசையின் இரண்டு கையெழுத்துகள்

யுத்தம் முடிந்த வருஷம். அரியலூர் ஸ்டேஷனில், டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னார்: "இது பொய்க் கையெழுத்துன்னா, நான் சூசையோட பொண்டாட்டியே இல்லீங்க."

பக்கத்தில் நின்றவர் கையில் கால்பந்து கோல் கீப்பர் சூசையின் கையெழுத்துப் போட்ட படங்கள் இரண்டு இருந்தன.

"பழசுல எழுத்து முத்தாட்டம் இருக்கு. புதுசுல கோணிக்கிட்டுக் கெடக்கேம்மா?"

"பந்தைப் புடிக்கையில வலது மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு. புதுசு இடது கையால போட்டது. ரெண்டுலயும் பேருக்கு மேல சின்னச் சிலுவை இருக்கு பாருங்க. அது இல்லாம அவரு எங்கயும் கையெழுத்துப் போட மாட்டாரு."

அவர் உற்றுப் பார்த்தார். "இருக்குங்க. கிழிச்சுப் போட இருந்தேன்" என்றவர், தயங்கிக் கேட்டார். "அப்ப இனிமே ஆட மாட்டாருங்களா?"

"யாரு சொன்னா? தெனம் சாயங்காலம் வூட்டுச் செவுத்தோரமா அவரை நிக்க வச்சு, புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நாந்தான் பந்தை ஒதைக்கிறேன்."