மூலை நாற்காலி

இல்லம்மா, துணி தைக்கக் குடுக்க வரல. இந்தப் பையைக் குடுக்கத்தான் வந்தேன். போன வியாழக்கிழமை கூட்டத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க. பையிலேயே கடைப் பேரு போட்டிருந்துச்சா, விசாரிச்சுக்கிட்டே வந்துட்டேன். பயப்படாதீங்க, வாசல்ல உங்க முதலாளி கேட்டாரு, நூலகத்துல கிடந்த பைன்னு மட்டும்தான் சொன்னேன். எந்தக் கூட்டம், என்ன கூட்டம்னு என் வாயிலேந்து ஒரு வார்த்தை வராது.

மிஷினை நிறுத்த வேணாம். தைச்சுக்கிட்டே கேளுங்க. அந்தச் சத்தம் இருந்தா எனக்கும் பேசறது சுலபம்.

என்னை ஞாபகம் இருக்குதா? ஆங், தச்சர்தான். நாற்காலி ரிப்பேர் பண்றவரு. நான் அதுக்குத்தான் அங்க வர்றேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நானும் திருத்தல.

என் வீட்டுக்காரி ஒரு சீட்டு எழுதி என் உளிப்பெட்டியில வெச்சிருந்தா. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு போல. வியாழன், ஆறு மணி, நூலகத்து மாடி. அவ்வளவுதான். கை விட்டா முதல்ல தட்டுப்படற இடமா பாத்து வெச்சிருக்கா. மூணு வாரம் அந்த மாடிப்படி வரைக்கும் போனேன். போயி, செருப்பு அறுந்த மாதிரி குனிஞ்சு பாத்துட்டு அப்படியே திரும்பிடுவேன். நாலாவது வாரம் வேலை முடிஞ்சு பெட்டியோட போனேனா, படியில நர்ஸம்மா நின்னாங்க. கூட்டத்தை நடத்தறாங்களே, கண்ணாடி போட்டவங்க, அவங்கதான். பெட்டியைப் பாத்ததும், அப்பாடா, நாற்காலி ரிப்பேருக்கா, ரெண்டு மாசமா நூலகத்துல சொல்லிக்கிட்டிருக்கேன், ஏறி வாங்கன்னாங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்? இல்லம்மா, நானும் குடியை விட வந்த குடிகாரன்தான்னு. ஆமாம்மா, நாற்காலிக்குத்தான்னேன்.

சிரிங்க, பரவாயில்ல. சிரிக்க வேண்டியதுதான்.

அப்புறம் என்ன, அவங்கல்லாம் வட்டமா உக்காந்து மனசுல கிடக்கறதைக் கொட்டுவாங்க. நான் பின்னாடி தரையில உக்காந்து உப்புத்தாள் தேய்ப்பேன். ஒரு நாள் நர்ஸம்மா, நான் வார்டுக்கே குடிச்சிட்டுப் போனவதான்னு சொன்னாங்க. கேட்டதும் அங்க வர்ற லாரிக்காரரு ஒருத்தரு அழுதாரு, அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன். இன்னும் வேகமா தேய்ச்சேன், வேற என்ன பண்றது? பத்து நிமிஷ வேலையை ஒரு மணி நேரம் பண்ணுவேன். வாரத்துக்கு ஒரு நாற்காலிதான். மொத்தம் பதினாலு உடைஞ்சு கிடந்துச்சு, பதினாலு வாரம் ஓடிப்போச்சு.

அது கிடக்கட்டும். நான் பேச வந்தது அன்னிக்கு நடந்ததைப் பத்தி.

நீங்க லேட்டா வந்தீங்க. மூலையில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு, அதுகிட்ட போயி நின்னீங்க. உக்கார்றதுக்குள்ள உங்களைப் பேசச் சொல்லிட்டாங்க. குடியை விட்டுப் பதினோரு நாள் ஆச்சுன்னீங்க. குரலே வரல உங்களுக்கு. சொல்லிட்டு உக்காந்தீங்க, நாற்காலி மடங்கிக்கிச்சு. தூக்கிவிட வந்தவங்க பக்கத்துல வந்ததும் மூக்கைச் சுளிச்சாங்க. லாரிக்காரரு ரகசியம் பேசறதா நினைச்சுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு, பதினோரு நாளாம், பதினோரு நிமிஷம்கூட ஆகியிருக்காதுன்னு. நர்ஸம்மா அவரை அதட்டினாங்க. அதுக்குள்ள நீங்க படியிறங்கிட்டீங்க.

இப்ப எத்தனை நாள் ஆச்சும்மா? கேக்கக்கூடாதுதான். நான் பதினேழுன்னு கணக்கு வெச்சிருந்தேன்.

ரெண்டா.

சரி. ரெண்டும் நாள்தாம்மா.

இந்தாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க. உங்க நாற்காலியோட ஸ்க்ரூ. தானா கழண்டு விழல. உடைஞ்ச நாற்காலியெல்லாம் தீந்துபோச்சுல்ல, அப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு அந்த மாடி ஏறுவேன்? அதனால கிளம்பறப்ப ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துடுவேன். அடுத்த வாரம் போயி மாட்டுவேன். யாரும் உக்காராத மூலை நாற்காலியாப் பாத்துத்தான் கழட்டுவேன். புதுசா வர்றவங்க மூலையைத்தான் தேடுவாங்கன்னு எனக்குத் தோணியிருக்க வேணாமா? என்னை உக்காரச் சொல்லியிருந்தா நானும் நேரா அங்கதான் போயிருப்பேன்.

நாளைக்கு ஆறு மணிக்கு எல்லாத்தையும் அங்க சொல்லப்போறேன். பெட்டி எடுத்துக்கிட்டுப் போகல. நீங்க வாங்கன்னு கூப்பிட எனக்கு யோக்யதை இல்ல. ஆனா முதல்ல கேக்க வேண்டியவங்க நீங்கதானே, அதான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன்.

நீங்க உக்காரப்போனப்ப, அதுல வேணாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் பின்னாடி ரெண்டு எட்டு தள்ளித்தான் நின்னேன். சொல்லல. வாயைத் திறந்தா தெரிஞ்சிடும்னு இறுக்கி மூடிக்கிட்டேன். அன்னிக்கு வேலை முடிஞ்சு வர்ற வழியில ஒரு இடத்துல நின்னுட்டுத்தான் வந்திருந்தேன்.

ஏம்மா மிஷினை நிறுத்திட்டீங்க?

ஆமா. அவங்களுக்கு அடிச்ச வாடை என்னோடதுதான்.