மெதுவா வதக்குங்க மாஸ்டர்

காத்திருக்கிறதுக்கு ஒரு இடம் கிடையாதே மாஸ்டர், இந்த ஹோட்டல்ல! மூடியத் தொறந்தா சாப்பாடு, கரண்டியப் போட்டா சாப்பாடு. சூப் ரெடி, சோறு ரெடி. கேக்கு நேத்தே ரெடி போலிருக்கு... கோவிச்சுக்காதீங்க, அது உங்க பொறுப்பு இல்லன்னு தெரியும். இவ்ளோ பெரிய ஹால்ல மனுஷன் கொஞ்சம் நின்னு, பொறுத்து வாங்கிட்டுப் போற மாதிரி இருக்கிறது உங்க நூடுல்ஸ் ஒண்ணுதான். அதான் இங்கயே நிக்கிறேன். நீங்க மெதுவாவே வதக்குங்க. தீயக் கொஞ்சம் குறைச்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ம்? அந்த ரெண்டு தட்டா? என்னுதுதான். இருக்கட்டும், ஓரமா இருக்கட்டும். இது மூணாவது. ஒருத்தருக்கு ஒரு தட்டுதான்னு எங்கயும் போடலையே! இங்க இருக்கிற போர்டு அத்தனையும் படிச்சுட்டேன் நான். தொழில் தோஷம். பத்திரிகை ஆபீஸ்ல தலைப்புப் போடுறதே வேலையா இருந்தவ. இப்பவும் எங்க எழுத்தைப் பாத்தாலும் கை துறுதுறுங்கும். அந்தப் பக்கம் ‘ஆசியா’ன்னு ஒரு போர்டு. இந்தப் பக்கம் ‘மேற்கு’ன்னு ஒரு போர்டு. சரி. நடுவுல இருக்கிற அந்த ஐஸ்கிரீம் பெட்டி எந்தக் கண்டம்? கேட்டா அந்தக் கோட்டுப் போட்டவர் சிரிக்கிறாரு. சிரிச்சா பதில் சொன்ன மாதிரியா?

அதை விடுங்க. என் கஷ்டம் வேற. அதோ, தூண் பக்கத்துல ஒரு மேசை தெரியுதா? அதுதான் எங்க மேசை. எனக்கு இந்தப் பக்கம் எங்க அண்ணன், அந்தப் பக்கம் என் தம்பி. ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அடுத்த வாரம் தம்பி, மக வீட்டோட இருந்துடறேன்னு வெளிநாட்டுக்கே கிளம்புறான். ஒரே போக்கு. அதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை பேச வெச்சுடணும்னு நான் தலைகீழா நின்னு கூட்டிட்டு வந்திருக்கேன். எங்க, இப்போ உக்காந்திருக்காங்களா பாருங்க. என்னுது போக இன்னொரு நாற்காலியும் காலியா இருக்குல்ல? அதான்! அதான் என் தலையெழுத்து!

எப்படி வர வெச்சேன்னு கேளுங்க. அண்ணன்கிட்ட, ‘எனக்குப் பொறந்த நாள், நீங்க மட்டும் வாங்க’ன்னேன். தம்பிகிட்டயும் அதையே சொன்னேன். பொறந்த நாள் போன மாசமே போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் அது ஞாபகம் இல்லங்கிறது வேற விஷயம், அந்தச் சண்டைய அப்புறம் வெச்சுக்கிறேன். வாசல்ல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க பாருங்க... கரண்ட் கம்பியத் தொட்ட மாதிரி. ஆனா நான் கூப்பனை முன்னாடியே வாங்கிக் கையில வெச்சிருந்தேன். வாங்கின கூப்பனை விட்டுட்டுத் திரும்பிப் போற வம்சம் இல்ல எங்களுது. முறைச்சுக்கிட்டே உள்ள வந்துட்டாங்க.

எங்க வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். ‘உங்க மூணு பேருக்கு நடுவுல உக்காந்து சாப்பிடறதுக்கு நான் பட்டினியே கிடக்கிறேன்’னுட்டாரு. ரகசியத்தைச் சொல்லிக் கூப்பிட்டும் அண்ணி வரல. தம்பி பொண்டாட்டியும் வரல. கேட்டா, ‘நாங்கதான் தினமும் போன்ல பேசிக்கிறோமே’ங்கிறாங்க! கதையக் கேட்டீங்களா? ஒருத்தி புடவை எடுத்தா இன்னொருத்திக்கு போட்டோ போகுது. சண்டை இந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்.

காளான் இன்னும் கொஞ்சம் போடுங்க. கேரட் வேண்டாம். போட்டுட்டீங்களா? எடுத்துடுங்க... ஒவ்வொண்ணா எடுங்க, அவசரம் இல்ல.

பஃபே என்னோட யோசனைதான் மாஸ்டர். சாதாரண ஹோட்டலுக்குப் போனா மெனு கார்டு வரும். கார்டு வந்தா எல்லாருக்கும் சேத்து அண்ணனே சொல்லுவாரு, சின்ன வயசுலேர்ந்து அந்தப் பழக்கம். தம்பி வேணும்னே வேற ஒண்ணைச் சொல்லுவான். சர்வர் நடுவுல நின்னு முழிப்பாரு. அதனால கார்டே இல்லாத இடமாப் போயிட்டா? அவங்கவங்களுக்குப் பிடிச்சதை அவங்கவங்க எடுத்துக்கட்டும், சண்டைக்கு இடமே இல்ல! என்ன சாமர்த்தியம்டின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். சண்டைக்கு இடமில்லாமப் பண்ணினவ, பேச்சுக்கும் இடமில்லாமப் பண்ணிட்டேன்னு எனக்கு எங்க உறைச்சுது?

மத்த ஹோட்டல்ல ஆர்டர் குடுத்துட்டு உக்காந்திருக்கணும். சாப்பாடு வர்ற வரைக்கும் எதிர்ல இருக்கிற மூஞ்சியத்தானே பாத்தாகணும்? தண்ணியக் குடிச்சு, உப்பு டப்பாவை உருட்டி, கடைசியில வேற வழியே இல்லாம, ‘என்ன, உடம்பெல்லாம் எப்படி இருக்கு’ன்னு ஒரு வார்த்தை வந்து விழுந்துடும். பாதிக் குடும்பம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதே சாப்பாடு லேட்டா வர்றதாலதான் மாஸ்டர். இங்க? தம்பி, ‘சூப் எடுத்துட்டு வர்றேன்’னு எந்திரிச்சுடறான். அவன் வந்து உக்கார்றான், அண்ணனுக்கு புட்டிங் ஞாபகம் வந்துடுது. அண்ணன் மேற்குல நிக்கிறாரு, தம்பி ஆசியாவுல நிக்கிறான். வழியில தட்டும் கையுமா எதிரெதிரா வர்றப்போ, சந்துக்குள்ள ரெண்டு லாரி ஒதுங்கற மாதிரி ஒதுங்கிப் போறாங்க. ஹாரன்கூடக் கிடையாது. நான் நடுவுல உக்காந்து காலி நாற்காலிக்குக் காவல்!

உப்பை எடுத்து அண்ணன் பக்கமாத் தள்ளி வெச்சேன். தம்பி கேட்டுத்தானே ஆகணும்? அவன் பக்கத்து மேசைக்குப் போயி, ‘எக்ஸ்க்யூஸ் மி’ன்னு இளிச்சு, அவங்க உப்பை வாங்கிட்டு வந்தான்! முன்னப் பின்ன தெரியாதவங்க உப்பு! சரின்னு, போட்டோ எடுக்கலாம் வாங்கன்னேன். அந்த சர்வர் பொண்ணு பாவம், போனைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போறா, போறா, சாலட் மேசையில போயி முட்டிக்கிட்டா. ரெண்டு பேரும் ஒரு படத்துல அடங்கலையே! படத்துல நான் இருக்கேன், இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு முழங்கை.

அப்புறம்தான் தோணுச்சு, நான் இருக்கிறதுதான் இடைஞ்சலோன்னு. எந்திரிச்சு வந்து ரொட்டி அலமாரிக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். அண்ணன் கஸ்டர்டைப் பாத்துட்டிருக்காரு. தம்பி அண்ணன் தாடையைப் பாத்துட்டிருக்கான். ஆமா, தாடையைத்தான். அவன் பல் டாக்டர். எதிர்ல யார் சாப்பிட்டாலும் மூஞ்சியப் பாக்க மாட்டான், எந்தப் பக்கம் மெல்லுறாங்கன்னுதான் பாப்பான். எங்க அண்ணனுக்கு ரொம்ப நாளா பல்லு வலி. வெளிய சொல்ல மாட்டாரு. சொன்னா தம்பிகிட்டப் போகச் சொல்லுவாங்களே! ஊருக்கு அந்தக் கோடியில யாரோ ஒரு டாக்டரைத் தேடிப் புடிச்சு, அங்க போயிப் பல்லைக் காட்டிட்டு வந்தாரு. வீட்டுலயே ஒரு பல் டாக்டர் இருக்கிறப்போ! இது தெரிஞ்சதும் தம்பி உடைஞ்சே போயிட்டான். திட்டினதைக்கூட மறந்துடுவான் மாஸ்டர். வேற ஒருத்தர்கிட்ட அண்ணன் வாயத் தொறந்ததை அவனால தாங்க முடியல.

இன்னிக்குப் பாருங்க, இத்தனை வகை இருக்கு, அண்ணன் தட்டுல என்ன? மசிச்ச உருளைக்கிழங்கு, புட்டிங், கஸ்டர்டு. பல்லு முளைக்காத குழந்தைக்கு ஊட்டுற சமாச்சாரம்.

சண்டை எதுக்குன்னா கேக்குறீங்க? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். அண்ணன் மின்சார ஆபீஸ்லேர்ந்து ரிடையர் ஆனாரு. வழியனுப்பு விழா. மாலை போட்டு, கையில மைக்கைக் குடுத்துட்டாங்க. அவர் கையில மைக்கைக் குடுக்கக் கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. வேலைக்குச் சேந்த அன்னிக்கு எந்த நாற்காலியில உக்காந்தாருங்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சாரு. எல்லார் காபியும் ஆறிப் போச்சு. அப்போ தம்பி என் காதுல ஒண்ணு சொன்னான். பேச்சு அறுவைன்னான். நான் அண்ணன்கிட்டச் சொன்னேன். அதுக்கு அண்ணன், ‘பல்லு புடுங்குறவனுக்குப் பேச்சைப் பத்தி என்ன தெரியும்’னாரு. அதைத் தம்பிகிட்டச் சொன்னேன். அவ்ளோதான்! அன்னிலேர்ந்து நடுவுல சுவர். நான்தான் ரெண்டு பக்கமும் ஏறிக் குதிச்சுட்டிருக்கேன். நான் ஒருத்தி மட்டும் இல்லன்னா...

என்ன மாஸ்டர், கரண்டியால பின்னாடி காட்டுறீங்க? வரிசையா? நிக்கட்டும். எல்லாம் ரெடியாக் கிடைச்சே பழகிப் போச்சு அவங்களுக்கு. யாரோ இருமுறாங்க, இருமட்டும். நான் திரும்ப மாட்டேன். திரும்பினா வழி விடணும். சாஸ் எத்தனை வகை இருக்கு? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, கேட்டு...

இருங்க. உங்க தலைக்கு மேல அந்த ஸ்டீல் புகைக்கூண்டு... நல்லாத் தொடச்சு வெச்சிருக்கீங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் தெரியறாங்க. வரிசைக் கடைசியில... அட, எங்க அண்ணன்! கையில கிண்ணத்தைப் புடிச்சுட்டு நிக்கிறாரு. நூடுல்ஸ்னா மெல்லாமலே முழுங்கிடலாம்னு வந்திருப்பாரு, பாவம். அவருக்குப் பின்னாடி வந்து நிக்கிறது யாரு? சாம்பல் கலர் சட்டையா? வழுக்கையா? ஐயையோ, தம்பி மாஸ்டர்! அவனுக்கு நூடுல்ஸே ஆகாதே! மண்புழும்பான், கண்ணாலகூடப் பாக்க மாட்டான். ஹால் பூரா சாப்பாடு கிடக்க, அவன் எதுக்கு இங்க வந்து...

உஷ்! பேசாதீங்க. நீங்க பேசலதான். நான்தான் பேசறேன். குரலக் குறைச்சுக்கிறேன். நீங்க வதக்கிட்டே இருங்க. முடிச்சுடாதீங்க! நீங்க முடிச்சா வரிசை நகந்துடும். உங்க கால்ல வேணா விழறேன்.

‘எந்தப் பக்கம்?’ — தம்பி! தம்பி கேக்கிறான்! அண்ணன் திரும்பல... கிண்ணத்தையே பாத்துட்டு நிக்கிறாரு... சொல்லுங்கண்ணே, சொல்லுங்க... ‘இடது. கீழ.’ சொல்லிட்டாரு மாஸ்டர்! ‘சூடு பட்டாலா, ஜில்லு பட்டாலா?’ ‘ரெண்டுக்கும்தான்.’ ‘தூக்கம்?’ ‘எங்க?’ மூணு வருஷம் கழிச்சுப் பேசுற பேச்சைப் பாருங்க! போகட்டும், பேச்சு பேச்சுதானே.

‘வாயத் தொறங்கண்ணே.’ அண்ணேன்னுட்டான்! ‘இங்கயாடா?’ ‘தொறங்க.’ தொறந்துட்டாரு. நடு வரிசையில, கையில கிண்ணத்தோட, ஆன்னு. தம்பி போன்ல டார்ச் அடிக்கிறான். ஒரு ஸ்பூனை எடுத்து, அதோட பின்பக்கத்தால கன்னத்தை ஒதுக்கிப் பாக்கிறான். முன்னாடி நிக்கிற அம்மா தன் கிண்ணத்தைக் கையால மூடிக்கிறாங்க. ‘யாரு இந்தப் பல்லு மேல கேப் மாட்டினது? ஓரமெல்லாம் தூக்கிட்டு நிக்குது. ஏண்ணே, நான் என்ன செத்தா போயிட்டேன்? நாளைக்குக் காலையில வாங்க, போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்...’ எனக்குக் கண்ணுல... இல்ல இல்ல, இது உங்க வெங்காயம்.

அண்ணன் ஏதோ சொல்றாரு. ஸ்பூனை எடுடா, சொல்லட்டும்! ‘என் பேச்சை அறுவைன்னவன்தானே நீ?’ போச்சு. நல்லாப் போயிட்டிருந்துச்சு, எதுக்கு இப்போ அதை இழுக்கிறாரு? ‘நானா? எப்போ சொன்னேன்? இவ்ளோ நேரமா அண்ணனை நிக்க வெச்சே பேச வைக்கிறாங்களே, ஒரு நாற்காலி போடக் கூடாதான்னு கேட்டேன்.’ ‘அறுவைன்னு சொல்லல?’ ‘சத்தியமா இல்லண்ணே. நீங்கதான், பல்லு புடுங்குறவனுக்கு என்ன தெரியும்னு...’ ‘டேய்! உன்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயத் தொறந்து வெச்சுட்டுப் பேச முடியாம உக்காந்திருப்பாங்க, அடுத்தவங்க பேசி அவன் எங்க கேட்டிருக்கான், பாவம்னு சொல்லிச் சிரிச்சேன்டா நான்!’

சிரிக்கிறாங்க. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க மாஸ்டர்! அண்ணன் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டே சிரிக்கிறாரு... நின்னுடுச்சு. ஏன் நின்னுடுச்சு? ‘உங்களுக்கு யாருண்ணே சொன்னது, நான் அறுவைன்னேன்னு?’ ‘உனக்கு யாருடா சொன்னது?’

நீங்க எதுக்கு மாஸ்டர் என்னை அப்படிப் பாக்குறீங்க? நான் ஒண்ணும் இட்டுக் கட்டல. ஒரு நாற்காலி போடக் கூடாதான்னா என்ன அர்த்தம்? பேச்சு நீளம்னு அர்த்தம். நீளம்னா? அறுவை. அவ்ளோ பெரிய வாக்கியத்தைத் தூக்கிட்டுப் போயி யாராவது சொல்லிட்டிருப்பாங்களா? சுருக்கிச் சொன்னேன். தலைப்புன்னா கொஞ்சம் காரம் இருந்தாத்தான் படிக்கிறவங்க நிப்பாங்க. முப்பது வருஷம் அப்படித்தான் போட்டேன், எந்த ஆசிரியரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. மறுப்பு நாலஞ்சு தடவை போட்டிருக்கோம், அது எந்தப் பத்திரிகையிலதான் இல்ல...

கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டாங்க. வரிசைய விட்டு வெளிய வர்றாங்க. சேந்தே வர்றாங்க மாஸ்டர், தோளோட தோள் இடிச்சுக்கிட்டு! இதைப் பாக்கத்தானே நான் இவ்ளோ பாடுபட்டேன்... ‘பாப்பா!’ — அது அண்ணன். ‘அக்கா!’ — அது தம்பி. ஒரே நேரத்துல கூப்பிடறாங்க, கேட்டீங்களா? அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடிய நான் உடைச்சுட்டு அடி அவங்களுக்கு விழுந்தப்போ, இப்படித்தான் கூப்பிட்டாங்க.

மாஸ்டர், உங்க பின்னாடி ஒரு கதவு இருக்கே, அது சமையல்கட்டுக்கா? அங்கேர்ந்து தெருவுக்குப் போகலாமா? கொஞ்சம் நகருங்க. இந்த மூணு தட்டையும் அவங்ககிட்டக் குடுத்துடுங்க. அண்ணனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் குழைய வேக வெச்சுக் குடுங்க. எதிரெதிரா உக்காந்து, நல்லா ஆற அமர என்னைத் திட்டட்டும், பேசறதுக்கு ஒரு விஷயம் வேணும்ல? நான் வர்றேன்... ஐயோ, வந்துட்டாங்க! இந்தக் கதவைத் தள்ளணுமா மாஸ்டர், இழுக்கணுமா? சீக்கிரம் சொல்லுங்க!