எட்டாவது ஆளின் இடம்

— அப்ப அந்த மேல்பாதையில ஆளே போறதில்லன்டு செல்றீங்களா, ஷாமிளா?

— இல்ல சார். உங்க டிஷ் கம்பத்துக்கிட்ட நின்னுதான் சொல்றேன், காடு மண்டிக் கெடக்கு. நான் இந்தக் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம். ஒரு நாய்கூட இந்தப் பக்கம் வந்து நான் பாக்கல.

— அப்ப என்ட டிஷ்ஷுக்கு முன்னுக்கு நடக்குறது யாரு? நான் எஹலியகொட டவுன்ல மொட்டமாடியில லெப்டொப்ப வச்சிட்டு ஒக்காந்து ஈக்குறன். பதினொரு கிலோமீட்டர் தாண்டி உங்கட தோட்டத்துலருந்து இன்டர்நெட் சிக்னல் அழகா வருது. பதினொண்டு இருவதாகினா விழுது. நாளாந்தம் இதே கூத்து.

— மரம் கிரம் ஆடுதோ என்னவோ சார்.

— ரப்பர் மரம் கடியாரம் பாத்தா ஆடும்? மரத்தால வந்த கரச்சல் வேற. மாசி மாசம் இலையெல்லாம் கொட்டிக் கெடக்கக்குள்ள வந்து அளந்து கம்பத்த நட்டுட்டுப் போனன். பங்குனில தளிர் விட்டதும் லைன் செத்துப் போச்சு. என்ட மடத்தனம்தான். அதுக்குத்தான் திரும்ப வந்து கம்பத்தத் தூக்கி, மேல்பாதை ஓரமா பாறையில வச்சன். இப்ப மரம் மறைக்கல்ல. ஆள்தான் மறைக்குது.

— ஆள் இல்லையே சார்.

— இண்டைக்கும் விழுந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது, ஷாமிளா. திங்கக்கெழம கம்பத்தக் கழட்டி ஓப்பநாயக்க பக்கம் வேற தோட்டத்துக்குக் குடுக்கப் போறாங்க. கம்பனியில எனக்கு இண்டைக்குப் பகல் வரைக்கும்தான் தவணை.

— ஐயோ, மெதுவா பேசுங்க சார், இருளாயி பெரியம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க. அவங்க மக விஜயகலா குவைத்துல வீட்டு வேலைக்கு இருக்கு. சனிக்கெழமையில, இன்னைக்கு மாதிரி, பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டர்ல வரும். ரெண்டு வருசம் புள்ள மொகத்தப் பாக்காம இருந்தவங்க, இப்பத்தான் பாக்குறாங்க. இந்தாங்க, அவங்ககிட்டயே குடுக்குறேன். பழைய ஆளு, இந்தப் பாதை அவங்களுக்குத் தெரியும். நான் கீழ போயி மெசினப் போட்டு வைக்கிறேன்.

— தம்பிங்களா? கம்பத்தக் கழட்டப் போறீங்களாமே.

— நான் இல்லம்மா, மேல உள்ளவங்க. லைன் விழுந்தா திரும்பப் பிடிக்க அரை மணித்தியாலம் போகுது. அதாலதான் உங்கட மகள்ட கோல் பாதி நாள் வாறதில்ல.

— போன வாரமும் வரலீங்க. வாசப்படியிலயே ஒக்காந்திருந்தேன். சாமி, அத மட்டும் புடுங்கிடாதீங்க. எனக்குன்னு இருக்குறது அந்த ஒத்தப் புள்ளதான்.

— சரிம்மா, அப்ப ஒரு ஒதவி செய்யுங்க. ஃபோன வைக்காம கம்பத்துக்கிட்டயே நில்லுங்க. இருவதாகினதும் உங்களுக்கு முன்னுக்கு யாரு போறாங்கன்டு பாத்துச் செல்லுங்க. இன்னும் கா மணித்தியாலம் ஈக்குது.

— யாரும் போக மாட்டாங்க தம்பி. தொண்ணூத்தி மூணுல மண்ணு சரிஞ்சதுக்குப் பொறகு இந்தப் பாதைய மூடிட்டாங்க. பதினஞ்சு வருசமாச்சு. எல்லாரும் கீழ்ரோட்டுலதான் போறோம்.

— போறாங்கம்மா. நான் எண்ணியே வச்சீக்கிறன். லெப்டொப்ல சிக்னல் கோடு ஒருக்கா கீழ விழும், எழும்பும். ஒரு ஆள் டிஷ்ஷக் கடந்து போற நேரம்தான். அப்பிடி ஒண்டுக்குப் பொறகு ஒண்டா, பதினொண்டு.

— எத்தன?

— பதினொண்டு.

— தெனமுமா?

— அதுதான் வெளங்குதில்ல. மழைக்கு சிக்னல் இன்னும் மோசமாகணும். இங்க தலைகீழ். காலையில மழ பேஞ்ச நாள்ல ஒண்டுமே விழாது. பௌர்ணமிப் போயா அண்டைக்கும் இல்ல.

— மழன்னா பால்வெட்டு இல்லீங்க தம்பி. மரம் நனைஞ்சிருந்தா கத்தி வைக்க மாட்டாங்க. போயாவுக்கு லீவு.

— நான் சிக்னலப் பத்திக் கதைக்கிறன்மா.

— நாலாவது ஆளு எப்புடி விழுது?

— ம்?

— அந்தக் கோட்டுல நாலாவதா வாறது. சும்மா பாத்துச் சொல்லுங்க.

— நாலாவது… மத்ததப் போல இல்ல. விழுந்து, பாதி எழும்பி, திரும்ப விழுது. நீங்க ஏன் அதக் கேக்குறீங்க?

— கால சாச்சி நடக்குற ஆளு. வாளி ஒரு பக்கம் இழுக்கும். எங்க வீட்டுக்காரரு, கந்தையா.

— அம்மா, பயங்காட்டாதீங்க. நான் தனிய ஈக்குறன்.

— நானும்தான் தனியா நிக்கிறேன். மூடுபனி வேற இறங்குது. ஏழாவதுக்குப் பொறகு என்னா இருக்கு?

— ஒண்டுமில்ல.

— எட்டாவது ஆளு?

— அதத்தான் செல்றன். ஏழுக்குப் பொறகு ஒரு இடைவெளி. ஒரு ஆள் நடக்குற அளவுக்கு வெறுமனே ஈக்கும். பொறகு மிச்ச நாலு பேர். அண்டு தொட்டு அப்பிடித்தான். ஹலோ? அம்மா? அழுறீங்களா?

— எங்க செட்டுல பன்னண்டு பேருங்க தம்பி. இந்த நேரத்துக்குத்தான், செக்ரோல் பதிவுல பேரு எழுதியிருக்குற வரிசையில பால் நிறுக்கப் போவோம். ஒருத்தர ஒருத்தர் முந்தக் கூடாது. ஒருத்தி பிந்திட்டா அவ எடத்த விட்டுட்டுத்தான் மத்தவங்க நடக்கணும். அவ வந்து சேர்ற வரைக்கும் மெதுவா போவாங்க. இந்தத் தோட்டத்துல அது ஒரு மொற.

— ம்.

— ஏழாவது என் தங்கச்சி சின்னம்மா. எட்டாவது நானு. அன்னைக்கு பால்கத்திய மரத்தடியில மறந்துட்டு வந்துட்டேன். "எடத்த வைங்கடி, ஓடி வந்துர்றேன்"ன்னு சொல்லிட்டுத் திரும்புனேன். கத்தி கையில கெடைக்கறப்ப மலை உறுமுற சத்தம் கேட்டுச்சி. வந்து பாத்தா பாதையும் இல்ல, ஆளும் இல்ல.

— இன்னாலில்லாஹி…

— எனக்காகத்தான் தம்பி மெதுவா நடந்தாங்க. நான் அப்புடிச் சொல்லாட்டி அந்த எடத்தத் தாண்டியிருப்பாங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் மககிட்டகூட.

— அம்மா, நீங்க கீழ போங்க. ஷாமிளாக்கிட்ட போய் ஒக்காருங்க. கம்பம் போனா போகட்டும்.

— போகக் கூடாது. என் புள்ள மொகம் அதுலதான் வருது.

— பதினொண்டு பதினாறு ஆச்சு. தயவு செஞ்சு போங்க.

— அவங்க இன்னும் எனக்கு எடம் வச்சிக்கிட்டு நடக்குறாங்க. எட்டாவது ஆளு வந்து சேராம அந்த வரிசை எப்புடிப் போய்ச் சேரும்? அதான் தெனம் வாறாங்க. நான் ஒரு வார்த்த சொன்னா போயிடுவாங்க தம்பி.

— என்ன செல்லப் போறீங்க?

— உள்ளதத்தான். அம்பத்தஞ்சு ஆனதும் என் பேர வெட்டிட்டாங்க. வீட்டுல ஒரு ஆளு பேராவது பதிஞ்சிருக்காட்டி லயத்துக் காம்பரா வீட்ட விடச் சொல்லுவாங்க. அதுக்காக என் எடத்துல மக பேர எழுதி வச்சேன். வெளிநாடு போன பொறகும் கணக்கப்புள்ள கையக் காலப் புடிச்சி அந்தப் பேர வெட்டாம வச்சிருக்கேன். அப்ப எனக்கு அந்த வரிசையில எடம் இல்லத்தானே. அதச் சொன்னா போதும்.

— உங்களுக்குச் சரின்டு பட்டாச் செல்லுங்க. நான் நேரம் பாக்குறன். பதினெட்டு… பத்தொம்போது.

— பனி கம்பத்தையே மறைக்குது. பால் வாசம் அடிக்குது தம்பி. வெட்டுன பாலு, பச்ச வாசம்.

— விழுந்திட்டு. ஒண்டு.

— கண்ணுக்கு ஒண்ணும் தெரியலீங்க.

— ரெண்டு. மூணு. இந்தா… நாலு, அந்தக் கால் சாயுற ஆள்.

— என்னாங்க… என்னத் தெரியுதுங்களா? இருளாயி. எனக்கு எடம் வைக்க வேணாம். கேக்குதா? சின்னம்மா, அக்காவப் பாத்துக்கிட்டு நிக்காத. என் பேரு செக்ரோல்ல இல்ல புள்ள. எட்டாவது எடத்துல இப்ப நான் இல்ல, விஜயகலா பேருதான் எழுதியிருக்கு. நீங்க போங்க. எனக்காக மெதுவா நடக்காதீங்க.

— அஞ்சு. ஆறு. ஏழு, அம்மா.

— போங்க சாமி, போங்க.

— இப்ப அந்த இடைவெளி… ஒண்டுமில்ல… இல்ல, ஈக்குது. விழுந்திட்டு. எட்டு.

— என்னா?

— ஒம்பது. பத்து. பதினொண்டு. பன்னண்டு. முடிஞ்சி. இண்டைக்கு இடைவெளியே இல்லம்மா. அல்ஹம்துலில்லாஹ், கோடு எழும்பிட்டு. இவ்வளவு உசரத்துல நான் ஒருநாளும் கண்டதில்ல, லைனும் விடுபடல்ல. நாங்க பாஸ். கம்பம் உங்கட தோட்டத்துலதான். கேக்குதாம்மா?

— நான் அசையலையே தம்பி. கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கிறேன்.

— நீங்க இல்ல, வெளங்குது. அவங்க நெருங்கி நடந்தீப்பாங்க, போயிட்டாங்க, அவ்வளவுதான். உங்கட வார்த்தைய எடுத்துக்கிட்டாங்க.

— நெருங்கி நடந்தா பதினொண்ணுதானே வரணும். எட்டாவது எப்புடி விழுந்துச்சி?

— விடுங்கம்மா.

— சொல்லுங்க.

— சின்னதா. சடக்குன்டு. மத்தவங்க ஆறுதலா நடக்குறாங்க, அது மட்டும் வேகம். பிந்தி வந்த ஒரு ஆள் ஓடி வந்து வரிசையில சேந்த மாதிரி. வயசாளி இல்ல, எளம் புள்ளட நட.

— தம்பி, நான் யாரு பேரச் சொன்னேன்?

— அம்மா…

— நான் என் எடத்துல யாரு பேரச் சொன்னேன்?

— பெரியம்மா, கீழ வாங்க சீக்கிரம். குவைத் கோல் வந்துருச்சி, படம் இன்னைக்கு அவ்வளவு தெளிவு. ஆனா கதிரையில விஜயகலா இல்ல, அந்த வீட்டு மேடம் ஒக்காந்து அழுதுக்கிட்டு, உங்களக் கூப்பிடச் சொல்லுறாங்க.