உறை இல்லாத சென்சார்

ஒரு சின்னக் கதை சொல்லலாமா? எனக்கு வேகமாகப் பேச வராது... வரிசையாகச் சொல்கிறேன். எங்காவது தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டில் கலக்கிற தின்னர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. டேங்குக்குள் எப்போதும் ஆவி. சூடு கூடினால் பற்றிக்கொள்ளும். அதைக் கண்காணிக்க ஒரு சென்சார். ஆனால் பாருங்கள்... சூட்டை அளக்க அதற்குள் மின்சாரம் ஓட வேண்டும். மின்சாரம் ஓடினால் சென்சாரே சூடாகும்! அளக்கப் போனதே கொளுத்திவிடலாம். ஆகவே, கோளாறு வந்தால் அதன் முனையில் எத்தனை டிகிரி கூடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கைப் பல வருடம் போட்டவர் கருணாகரன். பதவி உயர்வு வந்தது... அவருக்கு இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த ரெஜினாவுக்கு. கணக்கும் ரெஜினா கைக்குப் போனது. கருணாகரனுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பெண் சிரித்தால் எரிச்சல். டீ வாங்கிக் கொடுத்தால் அதைவிட எரிச்சல். "மேடம் வாங்கித் தந்த டீயாச்சே... இனிக்காம இருக்குமா?" என்று கேண்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். அடுத்தவர் உயரத்தை அளந்து அளந்து, தானே சூடாகிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் புது டேங்குக்கு ரெஜினா போர்டில் கணக்குப் போட்டார். டேங்க் ஐம்பத்தைந்து டிகிரி. சென்சார் தானாகக் கூட்டுவது இருபது. மொத்தம் எழுபத்தைந்து. ஆவி பற்றாமல் இருக்க எல்லை எண்பது. ஆபத்தில்லை.

"கருணாண்ணே, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன். எனக்கு மனசு ஒப்பலை."

பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. உலோக உறைக்குள் இருக்கிற சென்சாருக்குத்தான் இருபது. இந்த டேங்கில், சூட்டைச் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று உறையில்லாமல் மாட்டியிருந்தார்கள். சூட்டை வாங்கிப் பரப்ப உறை இல்லை, அப்படியானால் நாற்பது. கூட்டுங்கள்... தொண்ணூற்றைந்து!

சொன்னாரா?

"மேடம் போட்ட கணக்கு தப்பாகுமா?" என்றார். நாளைக்கு ஆய்வு அதிகாரி வருவார், அவர் கண்டுபிடிக்கட்டும், எல்லோர் முன்னாலும் இவள் மூக்கு உடையட்டும்... அதுதான் அவர் மனக்கணக்கு.

மறுநாள் அதிகாரி வரவில்லை. மேனேஜருக்கு அவசரம். "அவர் அடுத்த வாரம் பார்க்கட்டும்யா. அதான் ரெஜினா கணக்கு இருக்கே. நிரப்புங்கப்பா!"

பம்ப் ஓடத் தொடங்கியது. டேங்குக்குப் பக்கத்தில் நிற்பது யார்? ரெஜினா. வால்வைத் திறக்கிறவர்கள் யார்? காலையில் கருணாகரனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர்கள்.

கருணாகரன் ஓடினார். "நிறுத்துங்கடா! பம்பை நிறுத்துங்க! அதுக்கு உறை இல்லைம்மா... இருபது இல்லை, நாற்பது!"

நிறுத்தினார்கள். ரெஜினாவின் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜரிடம் அவர் சொன்னது இதுதான்: "தப்பு என்னோடது சார். அண்ணன்தான் கண்டுபிடிச்சார். அவர் இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனை காலமாக அந்தக் கைதட்டலுக்கு ஏங்கியவர்! தலை நிமிர முடியவில்லை. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்பர்களே... பொறாமை என்றால் அடுத்தவருக்குக் கெடுதல் செய்வது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நாம் எதுவுமே செய்வதில்லை. பார்க்கிறோம்... சும்மா இருக்கிறோம். தம்பி வாங்கப் போகிற மனையில் வில்லங்கம் இருப்பது தெரியும். வாய் திறக்க மாட்டோம். விழட்டும்! விழுந்தால் அவன் மட்டுமா விழுவான்? அவன் பெண்டாட்டி, பிள்ளைகள்?

பொறாமையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அது அவ்வளவு சுலபமா, தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மனசு சுத்தமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலோடேயே போங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொல்லுங்கள்... "இங்கே ஒரு தப்பு இருக்கு, பார்த்துக்கோ." இன்றைக்கே சொல்லுங்கள்.