சாலைக்குக் குறுக்கே ஒரு தடி

“கோயிலுக்குப் போறனெண்டு சொன்னால் காசு கேக்கமாட்டினமோ?”

ஜான்-டலோன் நிலையத்தில் மனைவியோடு மெட்ரோ ஏறிய கணவன், அவளின் குறிப்புத்தாள்களைக் கையில் வைத்துப் பார்த்தபடி கேட்டான். அரை மணியில் அவள் வகுப்பில் பேச வேண்டும். போன முறை பாதியில் மறந்து நின்றுவிட்டாளாம்.

“ஓம். அந்தக்கால அமெரிக்கச் சாலையில குறுக்க ஒரு தடி. காசு குடுத்தால் திறப்பினம். கோயிலுக்கும் மாவரைக்கவும் போனால் இலவசம்.”

“அப்ப நான் கோதுமை மூட்டையோடயே திரிஞ்சிருப்பன்.”

“நீங்கள் சுத்துப்பாதையால போயிருப்பியள். உங்களை மாதிரி ஆக்களாலதான் ரோட்டுப் போட்ட கொம்பனியளுக்கு நட்டம்.”

“பேந்து?”

“பேந்து ரயில் வந்தது, ரோட்டால வந்த காசும் குறைஞ்சுபோச்சு. தடியைக் கழட்டிப்போட்டு ரோட்டை அரசாங்கத்திட்டக் குடுத்திட்டினம்.”

அவள் இறங்க எழுந்தாள். அவன் தாள்களை நீட்டினான்.

“இதை ஒருக்காக்கூடப் பார்க்காமலே நீ எல்லாம் சொல்லிப்போட்டாய்.”

“உங்களிட்டயே இருக்கட்டும். பின்னேரம் கேள்வி கேப்பன்.”